டிரிப்புக்கு ஜெனரேட்டர் எடுத்துட்டுப் போறீங்களா? காரில் பெட்ரோல் கேன் வைக்கலாமா... சட்டம் சொல்வது என்ன?

மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். பசங்க எட்டு பேர், வாடகைக்கு ஒரு டெம்போ டிராவலர், கொல்லிமலையில் தெரிந்தவர் தோட்டத்தில் இரண்டு ராத்திரி டென்ட். லைட், ஸ்பீக்கர், செல்போன் சார்ஜ், சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு குட்டி ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தாச்சு. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "பெட்ரோலை எதுல ஊத்தி எடுத்துட்டுப் போறது? வீட்ல இருபது லிட்டர் தண்ணி கேன் ஒண்ணு சும்மா கிடக்கு..."

அந்தத் தண்ணி கேனை உடனே மறந்துடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச ஆரம்பித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. லாங் டிரிப், கேம்பிங் என்று கிளம்புபவர்கள் இப்போது கையோடு ஜெனரேட்டர், மரம் அறுக்கும் செயின் சா, புல் வெட்டும் பிரஷ் கட்டர் என்று பெட்ரோலில் ஓடும் சின்ன மெஷின்களையும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மெஷினைப் பற்றி யூடியூபில் ஆயிரம் ரிவ்யூ இருக்கிறது. அதற்குள் இருக்கும் பெட்ரோலை எப்படிக் கொண்டுபோவது, சட்டம் என்ன சொல்கிறது, எங்கே உயிருக்கு ஆபத்து என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

இரண்டு சம்பவங்கள்

முதலாவது மதுரையில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 26, விடிகாலை ஐந்தே கால் மணி வாக்கில், மதுரை ரயில் நிலையம் அருகே யார்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் இருந்து லக்னோ வழியாக ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அடுத்து ராமேஸ்வரம் போக வேண்டியவர்கள். சட்டவிரோதமாகப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரை வைத்து டீ, காபி போட முயன்றதே காரணம் என்று ரயில்வே சொன்னது. 9 பேர் உயிரிழந்தார்கள். அது பெட்ரோல் இல்லை, கேஸ்தான். ஆனால் மூடிய பெட்டி, தூக்கத்தில் இருக்கும் ஆட்கள், பக்கத்திலேயே எரிபொருள் என்ற மூன்றும் நம்ம டிராவல்ஸ் வேனுக்கும் அப்படியே பொருந்தும்.

இரண்டாவது, 2024 டிசம்பர். கேரள மாநிலம் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கிறதே என்று பார்த்தபோது, உள்ளே இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். தீ இல்லை. விபத்து இல்லை. ஏசி ஓட ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அதன் புகை, வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே கேரவனில் சோதனை செய்து பார்த்தபோது, இரண்டு மணி நேரத்தில் கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு அளவு 957 பி.பி.எம். வரை போனது. அதாவது காற்றில் பத்து லட்சம் பங்கில் 957 பங்கு.

அந்த அளவு எவ்வளவு மோசம் என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம். முதலில் சட்டம்.

எவ்வளவு பெட்ரோல் வைத்திருக்கலாம்?

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம். அதோடு 2002-ம் ஆண்டின் பெட்ரோலிய விதிகள். 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் எரிபொருள் எல்லாம் 'ஏ' வகுப்பு. பெட்ரோல் இதில் வரும். டீசல் 'பி' வகுப்பு. அதனால்தான் இரண்டுக்கும் கெடுபிடி வேறு வேறு.

விற்பனைக்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு என்றால், மொத்தம் 30 லிட்டருக்கு மேல் போகாத வரை பெட்ரோலை வைத்திருக்கவோ கொண்டுபோகவோ லைசென்ஸ் தேவையில்லை என்று இந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. வண்டியின் டேங்கில் இருப்பது இதில் சேராது. மத்தியச் சட்டம் என்பதால் ஆந்திரா, கர்நாடகா, கேரளா எல்லை தாண்டினாலும் இதே கணக்குதான்.

"அப்போ பிரச்சினையே இல்லையே" என்று நினைக்க வேண்டாம். எதில் வைக்கலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. கண்ணாடி, பீங்கான், உலோகம். இந்த மூன்றுதான். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். 1934-ல் எழுதிய சட்டம் என்பதால் பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடிக்குக்கூட இடம் இருக்கிறது, பிளாஸ்டிக் என்ற வார்த்தையே இல்லை! அதற்காக ஜாடியில் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மலைப்பாதை வளைவில் கண்ணாடியும் பீங்கானும் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருவோம். ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் பிடிக்கும் கேன் என்றால், அது வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான 'பெசோ' அங்கீகரித்த வகையாக இருக்க வேண்டும் என்பது 2002 விதி. ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பச்சை, சிவப்பு நிறத்தில் 'ஜெர்ரி கேன்' கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்கும்போது மூடியின் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க்க மிலிட்டரி கேன் மாதிரி இருந்தால் போதும் என்று வாங்கினால், முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே வாசனை வர ஆரம்பிக்கும்.

தண்ணி கேனும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலும் ஏன் கூடாது என்பதற்குச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தத்தை அந்த மூடிகள் தாங்காது. இன்னொன்று, டென்ட்டில் இருட்டில் தாகம் எடுத்தால் கை தேடுவது தண்ணி கேனைத்தான்.

வாடகை வேனில் கதையே வேறு

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்தப் பகுதி ரொம்ப முக்கியம். மாட வீதிகளில் இருந்தும் மந்தைவெளியில் இருந்தும் கிளம்பும் நவக்கிரக டூர், காசி யாத்திரை வேன்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் உள்ளே, பாத்திரமும் அரிசி மூட்டையும் மேலே, கூடவே ஒரு சமையல்காரர். இப்போது அந்த மூட்டைகளுக்கு நடுவில் ஜெனரேட்டரும் உட்கார்ந்திருக்கிறது.

30 லிட்டர் சலுகை உங்கள் சொந்தக் காருக்குச் சரி. ஆனால் மஞ்சள் போர்டு வண்டி, அதாவது கூலிக்குப் பயணிகளை ஏற்றும் வண்டி என்றால், அந்த வண்டி ஓடத் தேவையான எரிபொருள், ஆயில் தவிர வேறு எளிதில் தீப்பற்றும் பொருள் எதையும் ஏற்றக்கூடாது. 1989-ம் ஆண்டு சாலை விதிமுறைகளிலேயே இது இருந்தது. ஆகவே என் நண்பரின் டெம்போ டிராவலரில் பெட்ரோல் கேன் ஏற்ற முடியாது. ஐந்து லிட்டரும் முடியாது, ஒரு லிட்டரும் முடியாது. டிரைவர் மறுத்தால் அவரிடம் சண்டை போடாதீர்கள். மாட்டினால் பர்மிட் அவருடையது.

ரயில் என்றால் இன்னும் கறார். 1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி, ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுவந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ பைக்கை பார்சல் போட்டவர்களுக்குத் தெரியும், டேங்கைச் சுத்தமாகக் காலி செய்யாமல் வாங்கவே மாட்டார்கள். ஜெனரேட்டர், செயின் சா எல்லாவற்றுக்கும் அதே நியாயம்தான். விமானமா? பெட்ரோல் ஊற்றி ஒரு முறை ஓடிய இன்ஜின் என்றால், காலி செய்திருந்தாலும் பயணிகள் லக்கேஜில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சமிருக்கும் ஆவிதான் காரணம்.

பங்க்கில் கேனில் ஊற்றித் தருவார்களா?

சில இடங்களில் தருவார்கள், பல இடங்களில் மாட்டார்கள். பாட்டிலில் பெட்ரோல் கொடுக்கக்கூடாது என்று போலீஸ் அவ்வப்போது பங்க்குகளுக்கு அறிவுறுத்துவது உண்டு. காரணம் உங்களுக்கே தெரியும், பெட்ரோல் குண்டு வீச்சு, தீக்குளிப்பு மாதிரி சம்பவங்கள். அதனால் பங்க் ஊழியர் மறுத்தால் அது உங்கள் மேல் கோபம் இல்லை. உலோக கேனைக் காட்டி, எதற்கு என்று மேனேஜரிடம் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

ஊற்றும்போது ஒரு விஷயம். கேனை டிக்கியில் வைத்தபடியே நிரப்பக்கூடாது. கீழே இறக்கி, சிமென்ட் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். டிக்கியில் விரித்திருக்கும் கார்ப்பெட், பிளாஸ்டிக் விரிப்பு மேல் கேன் இருந்தால், பெட்ரோல் பாயும்போது உருவாகும் ஸ்டாட்டிக் மின்சாரம் தரைக்கு இறங்க வழி இருக்காது. தேங்கித் தேங்கி, நாசில் கேனைத் தொடும் நேரத்தில் ஒரு சின்னப் பொறியாக வெளியே வரலாம். அந்தச் சின்னப் பொறி போதும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும் சரக்கு. நம்ம ஊர் வெயிலில் கேட்க வேண்டுமா?

கேனை வாய் வரை நிரப்பவும் கூடாது. 5 சதவீத இடமாவது காலியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இதற்கு ஒரு எளிய கணக்கு போடலாம். ஒரு டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் விரியும். விடிகாலை 25 டிகிரியில் சென்னையில் 20 லிட்டர் பிடிக்கிறீர்கள். மதியம் கிருஷ்ணகிரி தாண்டி சாப்பாட்டுக்கு நிறுத்தி, வெயிலில் பூட்டிய காருக்குள் 55 டிகிரி ஆகிறது என்று வையுங்கள். 30 டிகிரி வித்தியாசம், 3 சதவீதம், அதாவது 600 மில்லி கூடுதல். அந்த அறுநூறுக்கு இடம் இல்லை என்றால், அது தானே இடம் தேடிக்கொள்ளும்.

சரி, காரில் எங்கே வைப்பது?

நேர்மையாகச் சொன்னால், நல்ல இடம் என்று ஒன்று இல்லை. இன்னோவா, எர்டிகா, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளில் டிக்கி என்பதே கேபினின் பின்பகுதிதான். நடுவில் சுவர் இல்லை. ஹேட்ச்பேக்கும் அப்படியே. செடான் டிக்கி தனி அறை மாதிரி தெரிந்தாலும் சீட்டுக்குப் பின்னால் இடைவெளி இருக்கும். கேரியர் மேல் கட்டினால் ஆவிப் பிரச்சினை குறையும், ஆனால் வெயில் நேரே அடிக்கும், வண்டியின் பாரமும் மேலே ஏறும். பின்பக்கம் திறந்த பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இது சுலபம்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். சீட்டுக்கு அடியில், மேட்டுக்கு அடியில் தேங்கி நிற்கும். காற்றில் வெறும் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும் நிலை. அதுவும் ஏசி போட்டு, உள்காற்றையே சுற்றவிட்டு, கண்ணாடி மூடி ஓட்டும்போது வாசனை பழகிவிடும். பத்து நிமிடம் கழித்து மூக்கு சொல்லாது. வாசனை வந்த முதல் நொடியிலேயே ஓரம் கட்டி, எல்லோரும் இறங்கி, நான்கு கதவையும் திறந்துவிட்டுத்தான் என்ன ஒழுகுகிறது என்று தேட வேண்டும். சிகரெட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

என் யோசனை இதுதான். காரில் பெட்ரோலைக் கொண்டுபோகாதீர்கள், மெஷினை மட்டும் கொண்டுபோங்கள். காசிக்குப் போனாலும் கன்னியாகுமரிக்குப் போனாலும் தேசிய நெடுஞ்சாலை முழுக்க பங்க் இருக்கிறது. முகாமுக்கு முன்னால் கடைசியாக வரும் ஊரில் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டால், கேன் காரில் இருப்பது முக்கால் மணி நேரம். சென்னையிலேயே நிரப்பினால் எட்டு மணி நேரம். ஆபத்தும் அந்தக் கணக்கில்தான். இமாச்சலில் தாண்டி என்ற ஊரின் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று பல வருடமாக ஒரு போர்டு இருந்தது. அந்த லே பாதையில் போகும் பைக்காரர்கள் கேன் கட்டிக்கொண்டு போனதற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஏற்காட்டுக்குப் போக எதற்கு?

எவ்வளவு வேண்டும் என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். 2 கே.வி.ஏ. அளவுள்ள இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் சுமார் 20 கிலோ எடை இருக்கும், டேங்க் மூன்றரை நான்கு லிட்டர் பிடிக்கும். லைட், சார்ஜர், ஒரு ஃபேன் என்று கால்வாசி லோடு மட்டும் கொடுத்தால் ஒரு டேங்கில் எட்டு மணி நேரம் வரை ஓடும். இரண்டு ராத்திரிக்கு எட்டு லிட்டர் போதும். 20 லிட்டர் கேன் எதற்கென்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மெஷினை எப்படி ஏற்றுவது?

சென்னைக்காரர்களுக்குச் சின்ன ஜெனரேட்டர் புதிது இல்லை. 80, 90-களில் ரங்கநாதன் தெருக் கடை வாசல்களில் 'ஸ்ரீராம் ஹோண்டா' சத்தம் இல்லாத கோடைக்காலமே கிடையாது. 2012-ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் பவர் கட் இருந்தபோது மறுபடியும் எல்லோரும் தேடினார்கள். அறுபத்து மூவர் விழாவின்போது மாட வீதி மோர்ப் பந்தலுக்குப் பின்னால் இன்றைக்கும் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். ஆனால் அவையெல்லாம் ஒரே இடத்தில் நிற்பவை. காரில் குலுங்கிக்கொண்டு போவது வேறு.

முதல் விதி, படுக்கவைக்கக்கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் அடியில் ஆயில் இருக்கிறது. சாய்ந்தால் அது ஏர் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் போய்விடும். போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் வெள்ளைப் புகை மட்டும் கிளம்பும். எங்கள் சித்தப்பா ஒருவர் ஜவ்வாதுமலை வரை ஒரு ஜெனரேட்டரைப் படுக்கையாகவே கொண்டுபோய், இரண்டு ராத்திரியும் மெழுகுவத்தியில் ஓட்டிவிட்டு அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். இன்று வரை அவர் பழி போடுவது ஸ்பார்க் பிளக் மேல்.

ஏற்றுவதற்கு முன் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் இருக்கும் மிச்சம் தீர்ந்துவிடும். டேங்கில் மீதி இருந்தால் புனல் வைத்து உங்கள் பெட்ரோல் காரின் டேங்கிலேயே ஊற்றிவிடலாம். டீசல் கார் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். செயின் சா, சில பிரஷ் கட்டர் போன்ற டூ ஸ்ட்ரோக் மெஷின்களில் இருப்பது டூ-டி ஆயில் கலந்த பெட்ரோல், அதைக் காரில் ஊற்றக்கூடாது. மெஷின் புக்கில் 50-க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. குத்துமதிப்பாக ஊற்றாமல் அளந்து, தேவைக்கு மட்டும் கலந்தால் மீதி பிரச்சினையே வராது.

டேங்க் காலி என்பதால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. காலி டேங்கிலும் காலி கேனிலும் இருப்பது ஆவி, எரிவதே அந்த ஆவிதான். மூடி இறுக்கமாக இருக்கட்டும், முடிந்தால் வெளியில் கொஞ்ச நேரம் காற்றாட வைத்து அப்புறம் ஏற்றுங்கள். ஓடி நின்ற இன்ஜினை உடனே டிக்கியில் போடவும் கூடாது. சைலன்சர் ஆற குறைந்தது அரை மணி நேரம் கொடுங்கள். பெட்ரோல் நிரப்புவதும் அப்படித்தான். கச்சேரி நடுவில் நின்றுவிட்டதே என்று சூட்டோடு சூடாக மூடியைத் திறந்து ஊற்றுவதுதான் பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம்.

இன்னொரு சின்னத் தலைவலி எத்தனால். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். மாடிப்படிக்கு அடியில் ஆறு மாதம் கிடந்த ஜெனரேட்டரை டேங்கில் பழைய பெட்ரோலோடு அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்பினால், மலையில் அது மக்கர் பண்ண வாய்ப்பு அதிகம். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

957 என்றால் என்ன?

இப்போது வடகரைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பெட்ரோல் இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிகமாக இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு நன்றாகத்தான் போய்வரும், ஆனால் உடம்புக்கு ஆக்சிஜன் போகாது. காற்றில் 800 பி.பி.எம். இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். இரண்டு மணி நேரத்தில் மயக்கம். அதற்கப்புறம் சில மணி நேரத்தில் மரணம். வடகரை கேரவனில் பதிவானது 957.

விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. விழித்திருப்பவர்களும் பெரும்பாலும் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். வழியில் சாப்பிட்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை, மலை ஏறியதில் தலை சுற்றுகிறது என்று நினைத்துப் படுத்துவிடுகிறார்கள். ஒரே டென்ட்டில், ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் அது பரோட்டா இல்லை. எல்லோரும் உடனே வெளியே வந்து, 108-க்கு போன் பண்ண வேண்டும். மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை.

ஜெனரேட்டரை டென்ட்டின் வாசலில், வண்டிக்கு அடியில், ஷெட்டில், வராண்டாவில் எங்கேயும் ஓட்டக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கிறதே என்பது பதில் இல்லை. குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், புகைக் குழாய் ஆட்கள் இல்லாத பக்கம் பார்த்து இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள், மலையில் ராத்திரி காற்று திசை மாறும். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நனையாமல் இருக்க உள்ளே இழுத்துக்கொண்டு வருவதுதான் மனித இயல்பு. மழை வந்தால் அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான். தூங்கப் போகும்போதும் அதேதான். கேரவனில் தூங்குபவர்கள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஆன்லைனில் கிடைக்கிறது.

இது ஜெனரேட்டருக்கு மட்டும் இல்லை. 2024-ல் கொடைக்கானல் பக்கம், குளிருக்காக பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அதே வாயு.

செயின் சா எதற்கு?

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்த பிறகு, அடையாறிலும் மயிலாப்பூரிலும் விழுந்த மரங்களை மாநகராட்சி ஆட்கள் இந்த மெஷினை வைத்து அறுத்ததைப் பார்த்த பிறகுதான் நம்மில் பலருக்கு இது பரிச்சயம். வெளிநாட்டு வீடியோக்களில் கேம்பிங் போகிறவர்கள் விறகு அறுப்பதைப் பார்த்து இங்கேயும் வாங்குகிறார்கள். நம்ம ஊரில் அதற்கு வேலை இல்லை. காப்புக்காட்டில் காய்ந்த கட்டையை எடுப்பதுகூட அனுமதி இல்லாமல் கூடாது. மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, சொந்தத் தோட்டமாக இருந்தாலும் பொருந்தும். வனத்துறை சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறந்து செயின் சாவும் பெட்ரோல் கேனும் சேர்ந்து கிடந்தால், "விறகுக்கு சார்" என்று சொல்லிப் பாருங்கள். நீலகிரி, கொடைக்கானல் போக 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் வேறு வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கே அங்கே வண்டியைச் சோதிக்கிறார்கள்.

காட்டில் தீ பற்றிப் பேசும்போது குரங்கணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, சென்னையைச் சேர்ந்தவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. சரணாலயத்தில் காட்டுக்கு ஆபத்தாகும்படி தீ மூட்டுவதை 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அந்த ஒரு சாயங்காலம் காட்டியது. அந்தப் புல் மேல் சூடான சைலன்சரோடு ஒரு ஜெனரேட்டரை வைப்பதும் ஒரு வகையில் தீ மூட்டுவதுதான். தரையை ஆறு அடிக்காவது சுத்தம் செய்து, மண் அல்லது பாறை மேல் வையுங்கள்.

தனியார் தோட்டமாக இருந்தாலும் தீ, எரிபொருள் விஷயத்தில் அலட்சியமாக நடந்து அடுத்தவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதா 287-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியில் ஏ.பி.சி. பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும், ஒரு கிலோவாவது. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். மண் போடலாம். தீயணைப்புத் துறைக்கு 101, இல்லையென்றால் 112.

ஜெனரேட்டரே இல்லாமல்?

பெட்ரோமாக்ஸ் லைட்டையும் கவுண்டமணியையும் பிரிக்க முடியாத தமிழ்நாட்டில், அது பெட்ரோலில் எரிவது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய்தான். அந்தக் காலத்தில் யாத்திரை போனவர்கள் ஒரு பெட்ரோமாக்ஸையும் ஒரு பம்ப் ஸ்டவ்வையும் வைத்தே காசி வரை சமாளித்தார்கள்.

இப்போது 'பவர் ஸ்டேஷன்' என்று பெரிய லித்தியம் பேட்டரிப் பெட்டிகள் வந்துவிட்டன. 1,000 வாட்-ஹவர் பெட்டி ஒன்று, 10 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்தைக் கணக்குப்படி 20 மணி நேரம், நடைமுறையில் 16, 17 மணி நேரம் எரிக்கும். புகை இல்லை, சத்தம் இல்லை. வண்டி ஓடும்போதே 12 வோல்ட் சாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜும் ஏறும். விலை அதிகம்தான், அதையும் வெயிலில் பூட்டிய காரில் விடக்கூடாது. ஆனால் டெம்போ டிராவலரில் ஏற்ற யாரும் தடுக்க மாட்டார்கள்.

லஸ் நண்பர் என்ன முடிவெடுத்தார் என்று கேட்கிறீர்களா? ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அட்வான்ஸில் முந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்களாம். தோட்டத்துக்காரரிடம் பேசியதில், பம்ப் செட் ரூமில் ஒரு பிளக் பாயின்ட் இருப்பது தெரிந்தது. ஐம்பது மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறார்கள்.